கல்லை வரவழைக்கும் புரொப்பெல்லர்

மலையகத்தில் விமானம் ஓடுவதற்குச் சமதரை இல்லை. ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை, தலவாக்கலை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் சரிவுதான்; சரிவெல்லாம் தேயிலைதான். நுவரெலியாவில் கொஞ்சம் மட்டமாக இருந்த நிலத்தைக் குதிரைப் பந்தயத் திடலும் கோல்ஃப் மைதானமும் வெள்ளைக்காரர் காலத்திலேயே எடுத்துக்கொண்டன. இருந்தும் ஹட்டன் பக்கம் விமானம் வந்து இறங்கியிருக்கிறது. கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் உருவாக்கிய காசல்ரி நீர்த்தேக்கத்தின் தண்ணீரையே ஓடுபாதையாக்கி, சினமன் எயார் நிறுவனத்தின் செஸ்னா கெரவான் விமானங்கள் உல்லாசப் பயணிகளைக் கொண்டுவந்து இறக்கின. காலுக்குச் சக்கரமும் உண்டு, மிதவையும் உண்டு என்ற வகை விமானம் அது. கட்டுநாயக்கவில் தாரில் ஓடி எழும்பும். காசல்ரியில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கும்.

தண்ணீரில் கல் கிடையாது. ஆகவே புரொப்பெல்லருக்கு அங்கே ஆபத்து இல்லை என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. கிரவல் தரையில் ஒரு சின்ன விமானத்தின் புரொப்பெல்லரைக் கல் எந்த வழியில் வந்து தாக்குகிறதோ, அதே வழியில்தான் தண்ணீர்த்துளியும் வந்து தாக்குகிறது. இரண்டையும் வரவழைப்பது புரொப்பெல்லரேதான். இதை விளங்கிக்கொள்ள முதலில் கல்லைப் பார்ப்போம்.

மைக்ரோலைட் எனப்படும் மிக இலகுவான விமானங்களை எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவின் தேசிய மாணவர் படை, பயிற்சிக்காக ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரெல் நிறுவனத்திடம் வாங்கிய வைரஸ் எஸ்.டபிள்யூ. 80 விமானம் அந்த வகை. கிளைடரைப் போல ஒடுங்கி நீண்ட இறக்கை, இரண்டு ஆசனம், முன்னால் ஒரு சிறிய எஞ்சின். இத்தகைய விமானங்களின் புரொப்பெல்லர் பெரும்பாலும் 1.7 மீட்டர் அளவு குறுக்கே இருக்கும். முழு விசையில் நிமிடத்துக்கு 2,300 தடவை சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், அலகின் நுனி செக்கனுக்கு 205 மீட்டர் வேகத்தில் போகும். மணிக்கு ஏறத்தாழ 740 கிலோமீட்டர். விமானம் இன்னும் நகரவே தொடங்காமல் நின்றுகொண்டிருக்கலாம். நுனி மட்டும் ஜெட் விமான வேகத்தில் காற்றை அறுத்துக்கொண்டிருக்கும்.

அந்த நேரத்தில் ஐந்து கிராம் எடையுள்ள ஒரு கூழாங்கல் அலகின் பாதையில் வந்துவிட்டால், மோதலில் வெளிப்படும் சக்தி 105 ஜூல். பத்துக் கிலோ பாரத்தை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் ஏறத்தாழ அவ்வளவு சக்தி கிடைக்கும். அத்தனையும் சில மில்லிமீட்டர் அகலமுள்ள முன்விளிம்பில், ஒரே புள்ளியில் விழுகிறது. மலையகத்துப் பாறைகளிலும் மண்ணிலும் குவார்ட்ஸ் தாராளமாக உண்டு. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7. அலுமினியம் 3க்கும் கீழே. இந்த மோதலில் யார் தோற்பார் என்பதில் சந்தேகம் இல்லை.

கல் எப்படித் தரையிலிருந்து அவ்வளவு உயரத்துக்கு எழும்புகிறது? ஒரு வழி எல்லோருக்கும் தெரிந்தது: சக்கரம் கல்லின் ஓரத்தில் ஏறும்போது கல் பிதுங்கித் தெறிக்கும். புரொப்பெல்லர் பின்னால் இருக்கும் ட்ரைக் வகை விமானங்களில் இது பெரிய தலையிடி. முன்சக்கரம் கிளப்புகிற கல் நேரே பின்னால் சுழலும் அலகுக்குப் போய்ச் சேருகிறது. அதனால்தான் அந்த விமானங்களில் முன்சக்கரத்துக்கு மட்கார்ட் பூட்டி, அதன் பின்னால் ரப்பர் மடலும் தொங்கவிடுகிறார்கள். விமானியின் சட்டைப்பையில் இருந்து விழும் பேனாவும் அதே வழியில்தான் போகும் என்பதால், பறக்கும் முன்னர் பைகளின் சிப்பை இழுத்து மூடச் சொல்வதும் வழக்கம்.

இரண்டாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது கண்ணுக்குப் பிடிபடாத வழி. நின்ற இடத்தில் புரொப்பெல்லர் வேகமாகச் சுழலும்போது அதற்கு நிறையக் காற்று தேவைப்படுகிறது. முன்னால் இருந்து காற்று தானாக வந்து சேராதபோது, எல்லாத் திசைகளிலிருந்தும் இழுக்கிறது. கீழே இருந்தும் இழுக்கிறது. தரையை ஒட்டி ஓடிவரும் காற்று ஓரிடத்தில் கூடி மேலே திரும்பும்போது, அதில் ஏற்கெனவே இருந்த சிறு சுழற்சி இறுகிக் கூர்மையாகிறது. தரையில் காலூன்றி, புரொப்பெல்லரில் தலை முட்டும் ஒரு குட்டிச் சுழல்காற்று பிறக்கிறது. அதன் நடுவே அழுத்தம் குறைவு. மணலையும் சிறு கற்களையும் அது தரையிலிருந்து பிடுங்கி எடுக்கும். ஈரமான காற்றில் இந்தச் சுழல் வெள்ளை நூலைப் போலக் கண்ணுக்கே தெரியும்: அழுத்தம் குறைந்த நடுப்பகுதியில் காற்று குளிர்ந்து ஈரம் துளிகளாகிவிடுவதுதான் காரணம். மழை விட்டு மிஸ்ட் இறங்கும் நுவரெலியாக் காலை நேரம் இதைக் காண மிகப் பொருத்தமானது.

விமானம் நகரத் தொடங்கினால் கதை மாறுகிறது. எதிர்க்காற்று முன்னால் இருந்து தாராளமாக வந்து சேர்வதால், புரொப்பெல்லர் கீழே கை நீட்டவேண்டிய தேவை குறைகிறது. சுழலின் கால் தரையை விட்டுவிடுகிறது. சைக்கிள் வேகத்தைத் தாண்டும்போதே ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே விமானம் எழும்பும் ஓட்டம் முழுவதிலும் மிக மோசமான நேரம், அது வேகமாக ஓடும்போது அல்ல. எஞ்சினை முழுதாகத் திறந்துவிட்டு, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தச் சில செக்கன்கள்தான்.

அனுபவமுள்ள விமானிகள் கல் தரையில் செய்வது இதற்கு நேர் எதிரானது. பிரேக்கைப் பிடிக்கமாட்டார்கள். காற்றுக்கு எதிர்த்திசையில் விமானத்தைத் திருப்பி, குறைந்த விசையில் மெல்ல உருளவிட்டு, வேகம் ஏற ஏறத் திரொட்டிலைப் படிப்படியாகத் திறப்பார்கள். எஞ்சினைச் சூடாக்கிச் சோதிப்பதை ஓடுபாதையின் முனையில் செய்யாமல் புல்லிலோ கொங்கிரீட் தட்டிலோ வைத்துச் செய்வார்கள். முன்சக்கரம் உள்ள விமானமானால் கட்டுப்பாட்டுக் கம்பத்தைப் பின்னால் இழுத்து மூக்கைச் சீக்கிரம் தூக்குவார்கள். அலகின் நுனிக்கும் தரைக்கும் இடைவெளி கூடும். காசு செலவில்லாத இந்தக் கைப்பழக்கம், அலகில் ஒட்டும் எந்தக் கவசத்தையும் விடப் பெரிய பாதுகாப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் மலையில் ஒரு சிக்கல் இருக்கிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். கொழும்புக் கரையோரத்துக் காற்றைவிட அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 17 வீதம் குறைவு. இறக்கைக்குத் தூக்குவிசை போதாது. ஆகவே இன்னும் வேகமாக ஓடவேண்டும். எஞ்சினுக்கு ஒட்சிசன் போதாது. ஆகவே அந்த வேகத்தை எட்டவே நேரம் பிடிக்கும். புரொப்பெல்லருக்கும் பிடித்துத் தள்ளக் காற்று குறைவு. மூன்றையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், கரையில் நூறு மீட்டரில் எழும்பும் ஒரு மைக்ரோலைட்டுக்கு நுவரெலியாவில் ஏறத்தாழ நூற்றைம்பது மீட்டர் வேண்டியிருக்கும். கிடைக்கும் மட்ட நிலமோ சிறியது. இடம் போதாதபோது, பிரேக்கைப் பிடித்து முழு விசையை வரவழைத்து விடுவதுதான் விமானப் பயிற்சியில் சொல்லித்தரும் வழி. கல்லுக்கு அஞ்சினால் மெல்லத் தொடங்கவேண்டும்; மேட்டுக்கு அஞ்சினால் முழு விசையில் தொடங்கவேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்காது. எந்தக் கவசத்தாலும் தீர்க்க முடியாத இந்தச் சிக்கலுக்கு ஒரே விடை, ஓட்டம் தொடங்கும் அந்தப் பத்து மீட்டர் நிலத்தைக் கல் பொறுக்கிப் பெருக்கி வைப்பது, அல்லது புல் வளர்த்து வைப்பது. புல் கல்லைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சுழலின் காலையும் தளர்த்தும்.

பெரிய விமானங்களுக்கும் இந்தத் தொல்லை வந்ததுண்டு. அலாஸ்காவிலும் வட கனடாவிலும் கிரவல் ஓடுபாதைகளில் இறங்குவதற்காக போயிங் 737-200 விமானத்துக்கு ஒரு தனிப்பட்ட சாதனத் தொகுதியைச் செய்தார்கள். முன்சக்கரத்துக்குப் பின்னால் அகலமான ஒரு தட்டு, தெறிக்கும் கல்லைக் கீழேயே தட்டிவிடும். அதைவிட அழகானது எஞ்சினின் வாய்க்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய குழாய். எஞ்சினிலிருந்தே எடுத்த அழுத்தக் காற்றை அது கீழ்நோக்கியும் பின்நோக்கியும் ஊதும். கல்லை ஊதித் தள்ளுவதற்கு அல்ல. சுழல்காற்று தரையில் காலூன்றவிடாமல் குலைப்பதற்கு. பகை எது என்று சரியாக அடையாளம் கண்ட பொறியியல் அது.

கிளைடர் செய்கிறவர்கள் வேறு வழியில் போனார்கள். தானாகவே எழும்பக்கூடிய பல கிளைடர்களில் புரொப்பெல்லர் மூக்கில் இல்லை. விமானியின் முதுகுக்குப் பின்னால், உடலுக்குள்ளிருந்து நிமிர்ந்து எழும் ஒரு கம்பத்தின் உச்சியில் இருக்கிறது. உயரே போனபின் மடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். காற்றுத்தடையைக் குறைக்கத்தான் அப்படிச் செய்தார்கள். கல்லிலிருந்து தப்பியது கூடவே கிடைத்த இலாபம்.

கவசத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மரத்தாலான புரொப்பெல்லர்களின் முன்விளிம்பில் பித்தளைத் தகடு அறைவது முதலாம் உலகப் போர்க் காலத்துப் பழக்கம். இன்றைய நார்க்கலவை அலகுகளில் நிக்கல் அல்லது துருப்பிடிக்காத உருக்கு விளிம்பு வைப்பார்கள். மைக்ரோலைட்டுகளில் பொலியூரித்தேன் நாடா ஒட்டுவதும் உண்டு. வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகொப்டர் அலகுகளை மணலிலிருந்து காக்கப் பயன்பட்ட நாடா இது. இன்று கொழும்பில் புதுக் கார்களின் பெயின்டுக்கு மேல் ஒட்டும் கண்ணாடிபோன்ற படலம் அதன் வாரிசுதான்.

கனமான இரும்புத் தகட்டை அடித்துவிட்டால் தொல்லை தீராதா? தீராது. சுழலும் அலகின் நுனியில் எடைக்குப் பெரிய விலை உண்டு. மேலே சொன்ன அதே புரொப்பெல்லரில், நுனிக்கு அருகே வெறும் நூறு கிராம் தகடு ஒட்டினால், அதை வெளியே பிய்த்தெறியப் பார்க்கும் விசை ஏறத்தாழ 470 கிலோ பாரத்துக்குச் சமம். ஒரு கிலோ எடையுள்ள அலகு முழுவதும் தன் வேரை இழுக்கும் விசை இரண்டு டொன். இதையே திருப்பிப் பார்த்தால் கல்லடியின் மறுபக்கமும் விளங்கும்: கல் பட்டு ஒரு அலகின் நுனியிலிருந்து பத்துக் கிராம் துண்டு பறந்துபோனால், மற்ற அலகுகளுக்கு ஈடு கிடைக்காமல் எஞ்சினை ஐம்பது கிலோ விசை ஒரு பக்கமாக இழுக்கும். அந்த இழுவை செக்கனுக்கு 38 தடவை திசை மாறிக்கொண்டே இருக்கும். எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் இந்த உலுப்பலை அதிக நேரம் தாங்கா.

துண்டு பறக்காமல் சின்ன வெட்டு மட்டும் விழுந்தால்? உலோக அலகில் அதுதான் மிகவும் ஏமாற்றுவது. 1913இல் கேம்பிரிட்ஜ் பொறியியலாளர் சார்ள்ஸ் இங்லிஸ், தகடுகளில் உள்ள துளைகளும் கூர்மூலைகளும் இழுவிசையை எப்படிப் பெருக்குகின்றன என்று கணித்துக் காட்டினார். அவர் காட்டிய உண்மை எளிமையானது: வெட்டின் ஆழம் மட்டும் முக்கியமல்ல, அதன் அடி எவ்வளவு கூர்மை என்பதும் முக்கியம். ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில், அடியில் 0.1 மில்லிமீட்டர் வளைவாரை கொண்ட ஒரு கூரான வெட்டு, அந்த இடத்து இழுவிசையை ஏழு மடங்குக்கு மேல் பெருக்கும். அதே ஆழத்துக்கு, வளைவாரை பத்து மில்லிமீட்டர் வரும்படி அராவி எடுத்துவிட்டால் பெருக்கம் 1.6 மடங்காக இறங்கிவிடும். அதாவது பழுது பார்க்கிறவர் உலோகத்தை இன்னும் கொஞ்சம் எடுத்து, பள்ளத்தை முன்னிருந்ததைவிட அகலமாக்குகிறார். அலகு முன்னிருந்ததைவிடப் பத்திரமாகிறது. நிரப்புவதால் அல்ல, மழுக்குவதால். இங்லிஸின் கணக்கைப் படித்த எந்த மாணவனும் அதன்பிறகு ஒரு பிளாஸ்டிக் பையின் ஓரத்தில் பல்பட்ட வெட்டைப் பழைய கண்ணால் பார்க்கமாட்டான்.

அராவுவதற்கும் முறை உண்டு. வட்டமான அரத்தால், அலகின் நீளவாக்கில் தேய்க்கவேண்டும். குறுக்கே தேய்த்தால் அரத்தின் கீறல்களே புதிய வெட்டுகளாகிவிடும். பிறகு மெல்லிய தாளால் மினுக்கவேண்டும். எவ்வளவு வரை எடுக்கலாம் என்று அலகைச் செய்தவர்கள் எல்லை குறித்திருப்பார்கள். அதைத் தாண்டினால் அலகைக் கழற்றி அனுப்புவதைத் தவிர வழியில்லை. அவசரம் ஏன் என்றால், நிமிடத்துக்கு 2,300 சுற்று என்பது ஒரு மணித்தியாலத்துக்கு 1,38,000 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அலகு கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. கூரான வெட்டின் அடியிலிருந்து வெடிப்பு நகர அதுவே போதும். காலையில் விழுந்த வெட்டை மாலைப் பறப்புக்கு முன் பார்த்தாகவேண்டும். கண்ணைவிட விரல் நல்லது: எஞ்சின் சுவிச்சு நிறுத்தத்தில் இருக்கிறதா என்று உறுதி செய்துவிட்டு, நகத்தை முன்விளிம்பு நெடுக ஓடவிட்டால் தட்டுப்படும்.

நார்க்கலவை அலகில் வேறு விதமாகப் பார்க்கவேண்டும். வெளியே ஒரு புள்ளி மட்டும் தெரியும். உள்ளே படைகள் பிரிந்திருக்கும். ஒரு நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். பிரிந்த இடத்தில் மொத்தென்று மங்கும். மர அலகுக்கு மலையகத்தில் கூடுதல் பகை மழை. கல் பட்டு வார்னிஷ் உடைந்த இடத்தால் ஈரம் உள்ளே போகும். விமானத்தை நிறுத்தும்போது மர அலகைக் கிடையாக விடுவது இதனால்தான். நிமிர்த்தி விட்டால் ஈரம் கீழலகில் இறங்கி ஒரு பக்கம் பாரமாகிவிடும்.

இனிக் காசல்ரிக்கு வருவோம். கெரவான் விமானத்தின் புரொப்பெல்லர் 2.69 மீட்டர் குறுக்களவு. நிமிடத்துக்கு 1,900 சுற்று வரை சுழலும். நுனிவேகம் செக்கனுக்கு 267 மீட்டர். அந்த வேகத்தில் தண்ணீர்த்துளி தண்ணீராக நடந்துகொள்வதில்லை. மோதிய கணத்தில் விலகி ஓட அதற்கு அவகாசம் இல்லை. துளிக்குள் ஓர் அழுத்த அலை எழுகிறது. தண்ணீரின் அடர்த்தி, அதில் ஒலி செல்லும் வேகம், மோதும் வேகம் மூன்றையும் பெருக்கினால் அந்த அழுத்தம் வரும்: ஏறத்தாழ 4,000 வளிமண்டலம். புரொப்பெல்லர் செய்யும் அலுமினியக் கலவைகள் நிரந்தரமாக நெளியத் தொடங்கும் அழுத்தத்தின் வரிசையிலேயே இது இருக்கிறது. மைக்ரோசெக்கன் கணக்கில்தான் நீடிக்கும். ஆனால் துளிகள் ஆயிரக்கணக்கில் வரும். முன்விளிம்பு முதலில் மங்கும், பிறகு ஊசிமுனைக் குழிகள் விழும், பிறகு அரம்போலச் சொரசொரக்கும். அதன் ஒவ்வொரு குழியும் இங்லிஸ் சொன்ன கூர்மூலைதான்.

துளி எப்போது அலகில் படுகிறது என்று பார்த்தால், கல்லின் கதையே திரும்ப வருகிறது. மிதவை தண்ணீருக்குள் ஆழ்ந்திருக்க, விமானம் மெதுவாக உழுதுகொண்டு போகும்போதுதான் மிதவையின் முனையிலிருந்து சிதறும் தண்ணீர் புரொப்பெல்லருக்கு முன்னால் எழும்புகிறது. வேகம் கூடி மிதவை தண்ணீரின் மேல் சறுக்கத் தொடங்கியதும் சிதறல் பின்னால் ஒதுங்கிவிடும். எனவே இங்கும் ஆபத்து அந்தத் தொடக்கத்தில்தான். விமானி கம்பத்தை வயிறு வரை இழுத்து மூக்கைத் தூக்கி, விசையைத் தயங்காமலும் திடீரென்று திறக்காமலும் கூட்டி, அந்த உழும் கட்டத்தைச் சீக்கிரம் கடக்கப் பார்க்கிறார். மிதவையின் ஓரத்தில் ஓடும் வரிச்சட்டங்கள் சிதறலைக் கீழே அமுக்குகின்றன. அமெரிக்க விமான விதிகளில் நெடுங்காலம் இருந்த ஓர் ஏற்பாடு இந்த ஆபத்தைச் சரியாக மதித்திருக்கிறது: முன்சக்கரம் கொண்ட விமானத்தில் அலகு நுனிக்கும் தரைக்கும் குறைந்தது 18 சென்ரிமீட்டர் இடைவெளி, தண்ணீராக இருந்தால் 46 சென்ரிமீட்டர். தண்ணீருக்குத்தான் அதிக மரியாதை.

காசல்ரி ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று பத்து வீதம் மெலிந்தது. உழும் கட்டமும் அதற்கேற்ப நீளும். கடல்நீரேரியோடு ஒப்பிட்டால் ஒரு நன்மை, உப்பு இல்லை. குழி விழும், ஆனால் குழிக்குள் உப்பு தங்கி அரிக்காது. கொக்கலவில் நீரேரியிலும் காசல்ரியில் மலைநீரிலும் மாறி மாறி இறங்கும் ஒரு விமானத்தின் அலகை எடுத்துப் பார்த்தால், கரையில் இறங்கிய பிறகு நல்ல தண்ணீரால் கழுவ ஏன் அத்தனை வற்புறுத்துகிறார்கள் என்பது விளங்கும்.

கவசத்தின் தெரிவும் இங்கே மாறுகிறது. பொலியூரித்தேன் இழுபட்டு மீளும் பொருள்; மணல்துகள் அதில் பட்டு எகிறிவிடும், ஆனால் வேகமான மழைத்துளி அதைக் கிழித்துவிடும். நிக்கலும் டைட்டேனியமும் எதிர்மாறு: மழையைத் தாங்கும், மணலில் தேயும். ஆப்கானிஸ்தானின் பாலைவனத்தில் இரவில் இறங்கிய ஹெலிகொப்டர்களின் அலகு விளிம்பிலிருந்து உலோகத் துகள்கள் பிய்ந்து எரிந்து ஒளிவட்டம் போட்ட படங்கள் உலகம் முழுக்கப் போயின. அங்கே சரியான கவசம் மலையகத்தில் சரியாகாது. வருடத்தின் பாதி மழை பெய்யும் ஹட்டன் பகுதிக்கு உலோக விளிம்பே ஏற்றது. பொலியூரித்தேன் நாடா ஒட்டிய மைக்ரோலைட் மழையில் மாட்டினால், சுற்றைக் குறைத்துப் பறப்பதுதான் விமானி செய்யக்கூடியது. நுனிவேகத்தைப் பத்து வீதம் குறைத்தால் துளி மோதும் சக்தி ஏறத்தாழ இருபது வீதம் குறையும்.

மைக்ரோலைட் பார்க்கக் கிடைக்காத தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இந்த விஞ்ஞானம் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் வந்திருக்கிறது. தேயிலை மலைகளில் மருந்தும் உரமும் தெளிக்க ட்ரோன்கள் வரத் தொடங்கிவிட்டன. அவை எழும்புவது பெரும்பாலும் மடுவத்துக்கு முன்னால் உள்ள கிரவல் ரோட்டில். அதைவிட மட்டமான இடம் பக்கத்தில் இல்லை. ட்ரோனின் விசிறி கீழ்நோக்கி ஊதுகிறது. ஊதிய காற்று தரையில் அடித்து வெளியே பரந்து, மேலே வளைந்து, மறுபடி விசிறிக்குள்ளேயே திரும்புகிறது. வரும்போது மணலையும் சல்லியையும் தூக்கிவருகிறது. தரையிலிருந்து விசிறியின் குறுக்களவைப் போல ஒன்றிரண்டு மடங்கு உயரம் போய்விட்டால் இந்தச் சுற்று அறுந்துவிடும். ஆகவே ட்ரோனைத் தரையை ஒட்டித் தொங்கவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது. எழுப்பினால் ஒரே மூச்சில் எழுப்பவேண்டும். கீழே ஒரு படங்கை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைக்காமல் முளையடித்து இறுக்கவேண்டும். மூலைக்கு வைக்கும் கல்தான் முதலில் பறக்கும். தெளித்து முடித்து இறக்கியதும் மின்கலத்தைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு விசிறியின் முன்விளிம்பிலும் நகத்தை ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். வெட்டு தட்டுப்பட்ட பிளாஸ்டிக் விசிறியை அராவ வேண்டாம், மாற்றிவிடலாம்.